பழைய ஆலைக் காணியில் வீடு கட்டலாமா? வலிகாமம் வடக்கை முன்வைத்து ஒரு பதில்

கேள்வி லண்டனில் இருந்து வந்திருக்கிறது. யாழ் மாவட்டத்து வலிகாமம் வடக்கில் மூடிக் கிடக்கும் பழைய தொழிற்சாலைக் காணி ஒன்றில் வீட்டுத்திட்டம் வரப்போகிறதாம். ஊரில் பாதிச் சனம் வரட்டும் என்கிறது, மீதிச் சனம் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்து எதிர்க்கிறது. கேட்டவருடைய தாயாரின் சீதன வளவு அந்தக் காணிக்கு வேலியோடு வேலி. முடிவெடுப்பது யார், எதிர்ப்பில் நியாயம் இருக்கிறதா, தூரத்தில் இருக்கும் தான் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படியான காணியின் ஒரு பகுதியில் வீடு கட்டலாம், இன்னொரு பகுதியில் எந்தக் காலத்திலும் கட்டக்கூடாது. எது எந்தப் பகுதி என்பதை மண்ணையும் தண்ணீரையும் சோதித்த பிறகுதான் சொல்ல முடியும். எங்கள் பக்கத்தில் வழக்கம் தலைகீழ். வரைபடம் முதலில் வரும், பிறகு நிதி, பிறகு அடிக்கல். சோதனை யாராவது வழக்குப் போட்டால் நடக்கும். சனத்தின் காதுக்கு விஷயம் எட்டும்போது ‘வேணும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று சொல்வதைத் தவிர வேறெதற்கும் இடம் மிஞ்சியிருக்காது. ஊர் இரண்டுபடுவது அந்த நேரத்தில்தான்.

மாவட்டத்தில் இந்த வகைக் காணிகளில் பெரியது காங்கேசன்துறை சீமெந்து ஆலையுடையது. 1950இல் உற்பத்தி தொடங்கியது. 1990 யூனில் சண்டை மூண்டு வலிகாமம் வடக்கே வெறிச்சோடியபோது நின்றது. வடக்கில் அரச சம்பளத்தோடு ஆயிரக்கணக்கில் வேலை தந்த இடங்கள் அதிகம் இருந்ததில்லை. அதனால்தான் ஆலையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அந்தப் புகைபோக்கி மேல் ஒரு பாசம் உண்டு. ‘வீடு வேண்டாம், ஆலையைத் திருப்பித் திற’ என்று கூட்டங்களில் கேட்கும் குரல் அவர்களுடையது. அந்தக் குரலை நான் மதிக்கிறேன், ஆனால் உடன்பட மாட்டேன். ஆலையைத் திறப்பது என்றால் சுண்ணாம்புக்கல்லை மறுபடி தோண்டுவது. மிஞ்சியிருக்கும் கல் எங்கள் தண்ணீர்த் தொட்டி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுத் திட்டமிடல் புத்தகங்களில் ‘ஒருமுறை பாவித்த நிலத்தில் கட்டு, பச்சை நிலத்தை விடு’ என்று படித்துவிட்டு வருகிற பொறியியலாளர்கள் முதலில் வழுக்குவது இங்கேதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும். மழை செம்மண்ணால் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் புகுந்து, கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போகும். கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைக் காட்டிச் சின்ன வயதில் எங்களுக்குப் புராணம் சொன்னார்கள். புவியியல் சொல்வது, உள்நாட்டு நிலத்தடி நீர் கடலுக்கு வெளியேறும் வாசல் அது என்று. கல்லுக்குள் தண்ணீர் அவ்வளவு சுலபமாக நடமாடுகிறது. ஒரு வளவில் ஊற்றிய எண்ணெய் அடுத்த வளவுக் கிணற்றில் தலைகாட்ட வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

சீமெந்துக்குக் கல் அகழ்ந்த இடங்களில் மேல்மண் போய்விட்டது, வடிகட்டும் கல்லும் போய்விட்டது. குழியின் அடியில் நிலத்தடி நீர் வெயிலில் கிடக்கிறது. அதற்குள் விழுகிற எதுவும் வடிபடாமல் நேரே கிணறுகளின் தண்ணீரோடு சேரும். ‘குழியை நிரவி வீடு கட்டலாம்’ என்று யாராவது சொன்னால், எதைப் போட்டு நிரவப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். வெளியே இருந்து நல்ல மண் கொண்டுவர மன்னாரோ கிளிநொச்சியோ போகவேண்டும், அங்கேயும் மண் சும்மா கிடைப்பதில்லை. கடைசியில் கட்டட இடிபாடும் குப்பையும்தான் வரும். அப்படி நிரவிய நிலம் வருடக்கணக்கில் அமிழும், சுவர் வெடிக்கும், அடியில் தண்ணீர் கெடும். அகழ்ந்த குழிகளில் வீட்டுத்திட்டம் வேண்டாம் என்று சொல்கிற ஊரவரோடு நான் முழுமையாக நிற்கிறேன். மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் இடமாக அவற்றை வேலி போட்டுப் பாதுகாப்பதே அவற்றுக்குப் பொருத்தமான உபயோகம்.

ஆலைக் கட்டடங்கள் நின்ற தளம் வேறு விஷயம். அங்கே கல் கெட்டியாக இருக்கிறது, பாதை இருக்கிறது, புகையிரத நிலையம் பக்கத்தில். கட்டுவதற்கு எதிரான என் தயக்கம் நிலத்தின் பலத்தைப் பற்றியதில்லை. அந்தக் காலத்துச் சீமெந்துச் சூளைகளுக்குள் பதித்த தீக்கற்களில் குரோமியம் கலந்தவை உண்டு. பழைய கூரைகளில் அஸ்பெஸ்டஸ். பழைய மின்மாற்றிகளில் ஊற்றிய எண்ணெய் இன்று பல நாடுகளில் தடை. உலை எண்ணெய்த் தாங்கிகள் நின்ற இடத்து மண் எப்படியும் சந்தேகத்துக்குரியது. இவையெல்லாம் இந்த வகை ஆலைகளுக்குப் பொதுவான சங்கதிகள். ஒவ்வொரு காணியிலும் எது கிடக்கிறது என்பதை மண்ணைத் துளைத்துத்தான் அறியவேண்டும். முப்பது வருடம் பூட்டிக் கிடந்து, இரும்பெல்லாம் கழற்றப்பட்ட ஆலைகளில் இது இன்னும் கடினம். தாங்கியைக் கழற்றுகிறவர் அடியில் கிடந்த எண்ணெயை எங்கே கொட்டினார் என்று பதிவேட்டில் எழுதுவதில்லை.

மிதிவெடி விஷயத்தையும் ஒரு வரியில் சொல்கிறேன். ‘கிளியர் பண்ணியாச்சு’ என்று கையில் தருகிற சான்றிதழ் குறித்த ஓர் ஆழம் வரைக்கும்தான் பொறுப்பேற்கும். அத்திவாரமும் மலக்குழியும் அதற்குக் கீழே போகும். சான்றிதழில் ஆழம் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் குழி வெட்டத் தொடங்கக்கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சனம் இப்படிப் பதறுவது மிகை என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள். சுன்னாகத்தை அவர்கள் மறந்திருக்கலாம், ஊர் மறக்கவில்லை. அங்கே இருந்த மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. ஒரு நிறுவனத்தின் ஆய்வு ஒன்றைச் சொல்ல, இன்னொரு நிபுணர் குழு வேறொன்றைச் சொல்ல, சனம் போத்தல் தண்ணீருக்கும் தாங்கிவண்டிக்கும் வரிசையில் நின்றது. கடைசியில் தெற்கைச் சேர்ந்த சூழலியல் ஆர்வலர் ஒருவர் 2015இல் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவைச் சுமக்கவேண்டும் என்ற கொள்கையை வைத்து, மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கட்டவேண்டும் என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. பாதிக்கப்பட்ட கிணறுகளுக்குப் பங்கு போட்டுப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது, அதிகாரமுள்ள குழுக்கள் முரண்பட்ட அறிக்கை தந்த ஊரில் ‘எல்லாம் சோதித்தாயிற்று, பயப்படாதீர்கள்’ என்று ஒரு பொறியியலாளர் சொன்னால் யார் நம்புவார்கள்? சோதனையை யார் செய்வது, மாதிரி எடுக்கும்போது ஊரவர் பக்கத்தில் நிற்கலாமா, முடிவு தமிழில் எழுதி ஒட்டப்படுமா என்று கூட்டத்தில் கேட்பவர்களைக் குழப்பக்காரர் என்று முத்திரை குத்துவது வீண்.

இது எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரிய பயமும் இல்லை. கேட்டவர் இங்கிலாந்தில் இருப்பதால் கோர்பி நகரத்தின் கதையைச் சொல்கிறேன். அங்கே பெரிய உருக்காலை 1980இல் மூடப்பட்டது. அந்தக் காணியைத் துப்புரவாக்கும் வேலையை நகர சபை எடுத்தது. நச்சு மண்ணைத் திறந்த லொறிகளில் ஊருக்குள்ளால் வருடக்கணக்கில் ஏற்றியிறக்கினார்கள். அந்தத் தூசியைச் சுவாசித்த கர்ப்பிணிகளின் பிள்ளைகள் சிலர் கைவிரல், கால் குறைபாட்டோடு பிறந்தார்கள். சபை கவனக்குறைவாக நடந்தது என்று 2009இல் அந்நாட்டு மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணை அங்கேயே விட்டிருந்தாலும் தவறு, அவசரத்தில் கிளறியது அதைவிடத் தவறு. அசுத்தமான காணி என்றால் ‘துப்புரவாக்கு’ என்று சொல்வது சுலபம். அந்தத் துப்புரவு வேலைதான் சிலவேளை பெரிய ஆபத்து. பழைய ஆலைக் கட்டடத்தை இயந்திரத்தால் இடித்துத் தள்ளுகிற நாளில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை மூடுவார்களா, தூசிக்குத் தண்ணீர் அடிப்பார்களா என்பதும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இனி மலக்குழி. எவரும் மேடையில் பேச விரும்பாத விஷயம், ஆனால் யாழ்ப்பாணத்தில் வீட்டுத்திட்டம் ஒன்றின் தலையெழுத்தை எழுதுவது அதுதான். குடாநாட்டில் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை, வீட்டுக்கு வீடு குழி. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று எங்கள் மேசன்மாருக்கே தெரியும். புதிய காணித்துண்டு ஒன்றின் ஆகக்குறைந்த அளவு 6 பேர்ச், அதாவது சுமார் 150 சதுர மீற்றர். சதுரமாக வைத்துக்கொண்டால் பக்கம் 40 அடி. நாற்பதடி வளவுக்குள் ஐம்பதடி இடைவெளி எப்படி வரும்? உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து தள்ளியிருந்தால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போய்விடும். முந்திய தலைமுறை இரண்டு பரப்பு, மூன்று பரப்பு வளவில் குடியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். (10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். லண்டன்காரர் மறந்திருப்பார்.) குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது புதிதில்லை. தோட்டத்துப் பசளையும் மலக்குழியும் சேர்ந்து செய்த வேலை. ஆகவே நெருக்கமான வீடுகள் வேண்டுமானால் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றும் குழாய்க் குடிநீரும் முதலில் வரவேண்டும். தாழையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டதால் குடிநீர்ப் பக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம். கழிவுப் பக்கம் இன்னும் வெறும் பேச்சு. 100 வீட்டுத் திட்டத்தின் வரைபடத்தில் தெருவிளக்கு எங்கே என்று காட்டியிருக்கும், கழிவு எங்கே போகும் என்று காட்டியிருக்காது.

முடிவெடுப்பது யார்? ஒரே பெயரைச் சொல்ல முடியாமல் இருப்பதே சிக்கல். காணி எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதோ அது ஒரு பக்கம். அரச காணியென்றால் பிரதேச செயலாளரும் காணி ஆணையாளரும். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடமென்றால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதி வேண்டும், நகர அபிவிருத்தி அதிகார சபையின் அந்த அதிகாரத்தை உள்ளூராட்சி சபையின் திட்டமிடல் குழு பாவிக்கும். வீட்டைக் கட்டுவது தேசிய வீடமைப்பு அதிகார சபையாகவோ ஓர் அமைச்சாகவோ இருக்கும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கல்லகழ்ந்த இடமென்றால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தையும் கேட்கவேண்டும். எல்லாரும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒன்றாக உட்காருவார்கள், ‘ஆவன செய்யப்படும்’ என்று குறிப்பில் ஏறும். அந்தக் குறிப்பு அனுமதி ஆகாது. மறுநாள் பத்திரிகை ‘வீட்டுத்திட்டத்துக்கு அங்கீகாரம்’ என்று தலைப்புப் போடும். அன்றைக்கே கோயில் மண்டபத்தில் கூட்டம்.

சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யாமல் கட்ட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். 1993 யூன் வர்த்தமானியில் குறித்தபடி, வீடமைப்பில் 1,000 வீடுகளைத் தாண்டினால்தான் அந்த மதிப்பீடு கட்டாயம். மதிப்பீடு நடந்தால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். 150 வீட்டுத் திட்டத்துக்கு அந்த வாசல் திறப்பதில்லை. வீட்டின் எண்ணிக்கையைப் பார்க்கிற சட்டம், அந்த வீடு நிற்கப்போகும் மண்ணில் முன்பு என்ன நடந்தது என்று கேட்பதில்லை. 999 வீட்டைப் பழைய எண்ணெய்க் களஞ்சியத்தின் மேல் கட்டினாலும் பட்டியலில் அது வராது. இங்கிலாந்தில் பாவித்துக் கைவிட்ட காணிகளுக்கு ஒவ்வொரு உள்ளூராட்சி சபையும் 2017 முதல் பதிவேடு வைத்திருக்கிறது. எங்களிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால், ‘இந்தக் காணியில் இன்னது இருந்தது’ என்று தொடங்கியிருக்கும் பேச்சு. இப்போது வயதானவர்களின் ஞாபகம்தான் பதிவேடு.

சபைகள் இருந்த நிலையையும் சொல்லவேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, பிறகு தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து 2025 மே தேர்தல் வரை செயலாளர்களின் கையில் இருந்தன. அந்த இரண்டு வருடமும் வட்டாரத்து உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் நின்று ‘என்ன நடக்குது?’ என்று கேட்க ஆள் இல்லை. உறுப்பினர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. குறைந்தது, திட்டினால் கேட்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

இனிக் காணி உரித்து. வலிகாமம் வடக்கில் எந்தத் திட்டமும் வெற்றுத் தாளில் தொடங்க முடியாது. 2013இல் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்கு என்று சொல்லி 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பின் படையினரிடம் இருந்த காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன, இன்னும் விடாதவை உண்டு. அப்படியிருக்க, பக்கத்தில் ஒரு வீட்டுத்திட்டம் என்றதும் சனத்துக்கு வருகிற முதல் யோசனை, ‘எங்கட காணியைத் தராமல் இருக்க இது ஒரு வழியோ?’ என்பது. அந்தச் சந்தேகம் ஆதாரமில்லாதது என்று என்னால் சொல்ல முடியாது. இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த குடும்பத்துக்கு வேறொரு இடத்தில் கல்வீடு கொடுத்துவிட்டால், சொந்தக் காணிக்கான அதன் குரல் தாழும். 2025 மார்ச்சில் வடக்கில் சுமார் 5,940 ஏக்கரைக் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்தது. அதில் பெரும்பகுதி யாழ் மாவட்டம். பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அரசு அதிலிருந்து பின்வாங்கியது. காணி உறுதிப் பத்திரம் எரிந்து, ஆள் கனடாவில் இருக்கிற ஊரில் மூன்று மாதம் என்பது என்ன கணக்கு?

சட்டத்தில் ஒரு நுணுக்கம். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 39அ என்ற பிரிவு, எடுத்த காணியைப் பழைய உரித்தாளருக்குத் திருப்பிக் கொடுக்க வழிவிடுகிறது. ஆனால் நட்டஈடு கொடுக்காமலும் பொதுத் தேவைக்குப் பாவிக்காமலும் இருந்த காணிக்குத்தான் அது பொருந்தும். ஆலை கட்டி நாற்பது வருடம் ஓட்டிய காணிக்கு அந்த வழி அடைபட்டதாகவே கொள்ளவேண்டும். ‘ஆலை போய்விட்டது, காணியைத் தா’ என்று கேட்பதற்கு மன நியாயம் உண்டு, வழக்கு நியாயம் குறைவு. ஆகவே அந்தக் கோரிக்கையை நீதிமன்றத்தில் வைப்பதைவிட, வீடு கொடுக்கும்போது பழைய உரித்தாளரின் வாரிசுகளில் காணியற்றவர்களுக்கு முதலிடம் என்று திட்டத்துக்குள் எழுதுவிப்பது புத்தி.

கூட்டங்களில் உரக்கச் சொல்லப்படாத இன்னொரு காரணம் உண்டு. ‘ஆர் வரப்போகினம்?’ தண்ணீரைப் பற்றி நன்றாகப் பேசிய அதே வாய், கூட்டம் கலைந்து வாசலில் செருப்புத் தேடும்போது இதைக் கேட்கும். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கடைசி வரை இருந்தவர்களில் பெரும்பாலானோர் திரும்பிப் போக ஒரு துண்டுக் காணியும் இல்லாத கூலித் தொழிலாளரும் கடற்றொழிலாளரும். அவர்கள் எந்தச் சமூகத்தவர் என்பது கேட்கிறவருக்குத் தெரியும். ‘எங்கட ஊர்க் கட்டுப்பாடு குலையும்’ என்றால் என்ன பொருள் என்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2017இல் புத்தூர் மேற்கில் கலைமதி கிராமத்து மக்கள் தங்கள் குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிப்பதற்கு எதிராக மாதக்கணக்கில் போராடினார்கள். வசதி குறைந்த சனத்தின் முற்றத்துக்கு மயானமும் குப்பைமேடும் போவதும், வசதியான சனத்தின் பக்கத்துக்கு வீடற்றவர் வராமல் தடுப்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகம். எதிர்ப்பில் பாதி நியாயம் என்று நான் சொல்ல நினைப்பது இதனால்தான். தண்ணீர், உரித்து என்ற பகுதிக்கு என் கையொப்பமும் உண்டு. ‘ஆர் வரப்போகினம்’ என்ற பகுதிக்கு இல்லை.

இன்னொரு முறையில் பார்த்தால், கரையோரத்துக் குடும்பங்களுக்கே உள்ளே தள்ளி ஆலைத்தளத்தில் வீடு கொடுப்பது உபகாரமா என்பதும் கேள்விதான். வள்ளமும் வலையும் வைத்திருக்கிறவர் விடிய இரண்டு மணிக்குக் கடலுக்குப் போகவேண்டும். கரையில் வாடி இல்லாவிட்டால் இயந்திரத்தையும் வலையையும் யார் காவல் காப்பது? வீடு வந்த பிறகும் அவர் கரையில் ஒரு கொட்டில் போட்டு இருப்பார், கல்வீடு பூட்டிக் கிடக்கும். பிறகு ‘வீடு கொடுத்தும் இருக்கிறார்கள் இல்லை’ என்று அதிகாரி குறை சொல்வார். யாருக்கு வீடு என்று முடிவாகும் முன் எத்தனை வீடு என்று முடிவாகிவிடுகிற திட்டங்களின் கதி இது.

எதிர்ப்பு வென்ற ஓர் உதாரணத்தையும் சொல்லவேண்டும். 2015, 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்று அரசு அறிவித்தபோது, பொறியியலாளர்களும் சமூக ஆர்வலர்களும் வெறும் ‘வேண்டாம்’ சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு இருபது இலட்சத்துக்கு மேல் போகிறது, எங்கள் வெயிலுக்கு ஒத்துவராது, அதில் பாதிக் காசுக்குக் கல்வீடு கட்டலாம், உள்ளூர் மேசனுக்கும் வேலை கிடைக்கும் என்று விலைப்பட்டியலோடு போனார்கள். திட்டம் அறிவித்தபடி நடக்கவில்லை. எதிர்க்கிற ஊர்ச் சங்கங்கள் அந்தக் கோப்புகளைத் தேடிப் படிக்கவேண்டும்.

வீடற்றவருக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு ஆலைத்தளம் மட்டும் பதில் இல்லை. யாழ் நகரத்தைச் சுற்றி, கொக்குவில், நல்லூர், திருநெல்வேலி என்று நடந்து பாருங்கள். கூரையில்லாத சுவர்களும், ஆலமரம் முளைத்த அடுப்படிகளும், பற்றை மூடிய வளவுகளும். பாதை உண்டு, மின்சாரம் உண்டு, நல்ல கிணறும் உண்டு. எங்களிடம் அதிகம் இருக்கிற, பாவித்துக் கைவிட்ட நிலம் இதுதான். ஆனால் முதுசக் காணி ஆறு சகோதரர் பெயரில், இருவர் ரொறன்ரோவில், ஒருவர் பாரிசில், ஒருவர் தொடர்பில்லை. விற்க நினைத்தாலும், யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு முதல் உரிமை. அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பச் சோம்பல், பிரிவினை வழக்குப் போட்டால் பத்து வருடம். நுளம்பு பெருகுகிறது என்று சபை நோட்டீஸ் ஒட்டும், நோட்டீஸ் மழையில் கரையும். இதற்கிடையில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் செம்மண் தோட்டத்தை வாங்கிச் சீமெந்து கொட்டுகிறார்கள், ஒருவரும் கூட்டம் கூடி எதிர்ப்பதில்லை. ஆலைக் காணியில் 100 வீடு வருவதற்கு எழும் சத்தத்தில் கால்வாசியாவது இதற்கு எழும்ப வேண்டாமா?

கடைசியாக, லண்டனில் இருப்பவர் செய்யக்கூடியது. நீங்கள் பிரித்தானியக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை பெறாதவரென்றால் தகவல் அறியும் சட்டத்தில் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, அது இலங்கைப் பிரசைகளுக்குரியது. ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர் கேட்கட்டும். ‘வீட்டுத்திட்டம் பற்றிய விபரம்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். காணியின் நில அளவை வரைபட இலக்கம், திட்டமிடல் குழுவுக்கு விண்ணப்பம் போன திகதி, மண், நீர் சோதனை அறிக்கையின் பிரதி, பயனாளிகளைத் தெரிவுசெய்யும் விதிமுறை என்று பெயர் குறித்துக் கேட்கவேண்டும். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். ‘அப்படி அறிக்கை எதுவும் இல்லை’ என்று எழுத்தில் வந்தால் அதுவே பெரிய ஆவணம். அடிப்படை உரிமை வழக்கென்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், ஆகவே அனுமதி எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்பதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும்.

தாயாரின் உறுதியை இப்போதே தேடி எடுங்கள். சீதன உறுதி அவருடைய பெயரிலா, தோம்பில், அதாவது காணிப் பதிவேட்டில், எப்படிப் பதிந்திருக்கிறது, எல்லைக் கல் இருக்கிறதா என்று பார்க்க நில அளவையாளர் ஒருவரைப் பிடியுங்கள். ஆலைக் காணியை அளக்க வருகிற நாளில் உங்கள் வேலியைத் தள்ளி அளந்துவிட்டால், பிறகு திருத்துவது பெரும்பாடு. பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கு ஆட்சியுரிமை போகிற நாடு இது. யுத்தத்தால் வரமுடியாமல் போனவர்களுக்கு 2016இல் ஒரு விசேட சட்டம் வந்து வழக்குப்போட இரண்டு வருட அவகாசம் தந்தது, அந்த அவகாசமும் முடிந்துவிட்டது.

அதைவிட அவசரமானது கிணறு. வேலை தொடங்குவதற்கு முன்பே தாயாரின் வளவுக் கிணற்றுத் தண்ணீரை அங்கீகாரமுள்ள ஆய்வுகூடம் ஒன்றில் சோதித்து அறிக்கையை வைத்திருங்கள். நைத்திரேற்று, உப்பு, எண்ணெய், குரோமியம், மலக் கிருமி ஆகியவற்றைக் கட்டாயம் கேட்கவேண்டும். கோடை முடிவில், தண்ணீர் ஆகக்கீழே போகிற ஓகஸ்ட், செப்ரெம்பரில் ஒருமுறையும், மாரி முடிந்து தையில் ஒருமுறையும் எடுப்பது நல்லது. ஒரே கிணறு இரண்டு காலத்திலும் இரண்டு விதமாக இருக்கும். முன்னைய அளவு கையில் இல்லாதவர் பின்னர் தண்ணீர் கெட்டது என்று சொன்னால், முன்பே அப்படித்தான் இருந்தது என்று மறுபக்கம் சொல்லிவிடும். அயலில் நாலைந்து வீட்டையும் சேர்த்து ஒரே நாளில் எடுத்தால் செலவும் குறையும், அறிக்கைக்குக் கனமும் கூடும். திட்டத்தை ஆதரிக்கிற வீடும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.